ஹவுராவில் ஒரு பொத்தான், பாலிகஞ்சில் ஒரு விரல்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, டாக்டரிடம் உடம்பைச் சொல்வதுபோலச் சொல்கிறேன். லிஃப்ட் பொத்தானை ஒரு தரம் அழுத்திவிட்டு அமைதியாக நிற்பவர்கள் ஒரு ரகம். அதே பொத்தானைப் பத்துப் பன்னிரண்டு தரம் அழுத்தினால் லிஃப்ட் பயந்துபோய் ஓடிவரும் என்று நம்புகிறவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது. சிக்னலில் பஸ் நின்றால் இறங்கி நடந்துவிடுவேன். கொஞ்ச நேரத்தில் அதே பஸ் என்னைத் தாண்டிப் போகும். கண்டக்டர் படியில் நின்று எனக்குக் கையாட்டுவார். ஆவி அடங்குவதற்குள் குக்கர் மூடியைத் திறக்கப் பார்த்து அம்மாவிடம் கரண்டியால் அடி வாங்கியிருக்கிறேன். (ஆறு வயதில் இல்லை. இருபத்தாறு வயதில்.)

இப்படிப்பட்டவன் எந்த வேலைக்கு வேண்டுமானாலும் போகலாம், சர்வரைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு மட்டும் போகக் கூடாது. சர்வர் நிதானமாக யோசித்து, தன் அங்கங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, பிறகுதான் எழுந்திருக்கும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிந்தவனுக்குத்தான் அந்த வேலை ஒத்துவரும். நான் போனேன். இரண்டாயிரத்துக்கு அப்புறம் வந்த முதல் சில வருடங்கள் அவை. என்னோடு கணினி படித்தவர்கள் எல்லோரும் பெங்களூருக்கு ரயில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் கல்கத்தாவிலேயே தங்கிவிட்டேன். அப்பா துறைமுக வேலையாகத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் பாலிகஞ்சை விட்டு நகரவில்லை. அம்மா முப்பது வருடம் பெங்காலிகளுக்கு நடுவில் வாழ்ந்தும் திருநெல்வேலிப் பேச்சில் ஒரு சொல்லைக்கூட விட்டுக்கொடுத்ததில்லை.

எங்கள் கம்பெனி, லாரியைச் சரக்கோடு ஏற்றி நிறுத்தி எடை பார்க்கிறார்களே, அந்த எடை மேடைகளைச் செய்தது. ஆபீஸ் பாலிகஞ்சில், பட்டறை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹவுராவில். சர்வர் பட்டறையில் இருந்தது. இடுப்பு உயரத்துக்கு ஒரு கருப்புப் பெட்டி. முன்பு பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கி வைத்திருந்த அறையை வெள்ளையடித்து, ஏசி மாட்டி, அதற்குக் கொடுத்திருந்தார்கள். பட்டறையிலிருந்து ஒரு லாரி வெளியே போக வேண்டுமென்றால் அந்தப் பெட்டி மனது வைத்து சலான் அச்சடிக்க வேண்டும்.

வாரத்துக்கு ஒரு தரம் அது மனது வைக்காது. அப்படியே உறைந்துவிடும். வைத்தியம் ரொம்ப எளிது, பொத்தானை அழுத்தி அணைத்து மறுபடி எழுப்ப வேண்டும். அந்த ஒரு பொத்தானுக்காக நான் பாலிகஞ்சிலிருந்து ஹவுராவுக்குப் போவேன். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். பாலத்தின் மேல் பஸ் நகராமல் நிற்கும்போது எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊரும்.

"அந்தப் பொத்தானை நான் அமுக்க மாட்டனா தம்பி?" என்று லோகா அக்கா பல தடவை கேட்டிருக்கிறார். லோகநாயகி என்பது முழுப் பெயர். பட்டறையில் ஸ்டோர்ஸ் பொறுப்பு அவரிடம்தான். ரயில்வேயில் வேலை பார்த்த அப்பாவோடு சின்ன வயதில் ஆற்காடு பக்கத்திலிருந்து ஹவுராவுக்கு வந்தவர். என்னையும் அவரையும் விட்டால் கம்பெனியில் தமிழ் பேச வேறு ஆள் கிடையாது.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது மென்மையான விஷயம், பயிற்சி வேண்டும், அது இது என்று அளந்தேன். உண்மைக் காரணத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். பொத்தானை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம் என்று தெரிந்துவிட்டால் எனக்கு என்ன மரியாதை?

அந்தச் சமயத்தில்தான் சர்வர் விற்கும் கம்பெனியின் பிரதிநிதி ஒருவர் வந்து எனக்கு ஒரு கார்டைப் பற்றிச் சொன்னார். சர்வருக்குள்ளே செருகுகிற ஒரு சின்ன அட்டை. உள்ளே இருக்கும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் என்றே வைத்துக்கொள்ளலாம். அதற்குத் தனியாக ஒரு நெட்வொர்க் வயர். சர்வர் தூங்கினாலும் அது தூங்காது. எங்கோ தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, சர்வரின் திரையை என் திரையில் பார்க்கலாம், அதன் பொத்தானை என் மவுஸால் அழுத்தலாம். எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. பாலத்தைக் கடக்காமல் ஹவுராவைத் தொடலாம் என்றால் அதைவிட என்ன வேண்டும்?

முதலாளி தத்தா பாபு வெற்றிலை போட்டுக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார். அவர் எடை மேடை செய்பவர், எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டார்.

"சரி, வாங்கித் தரேன்," என்றார். "வேலை செஞ்சா நீ இங்கேயே உட்காரு. செய்யலைன்னா உன் நாற்காலியைத் தூக்கிட்டு ஹவுராவுக்குப் போயிடு. தினமும். பொத்தான் பக்கத்துலயே உட்காரு."

தினமும் அந்தப் பாலம் என்று நினைத்ததும் எனக்கு அப்போதே எறும்பு ஊர்ந்தது. சரி என்றேன்.

கார்டு வந்தது, நானே போய்ச் செருகினேன். மூன்று வாரம் ராஜா மாதிரி இருந்தேன். ஹவுராப் பக்கமே போகவில்லை. பாலிகஞ்சில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அந்தப் பெட்டியின் உடம்புச் சூட்டைப் பார்ப்பேன். மின்விசிறி எத்தனை சுற்று சுற்றுகிறது என்று பார்ப்பேன். மறுபடி சூட்டைப் பார்ப்பேன். அம்மா என் நெற்றியைக்கூட அத்தனை தடவை தொட்டுப் பார்த்ததில்லை. ஆனால் அந்த மூன்று வாரமும் சர்வர் ஒரு தரம்கூட உறையவில்லை, எனவே முதலாளியிடம் அணைத்து எழுப்பிக் காட்டச் சந்தர்ப்பமும் வரவில்லை. அவர் தினமும் காலையில் என் நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்.

உறையும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. நானே ஒரு நாள் குறித்தேன். பட்டறையில் யாரும் வேலை செய்யாத, ஒரு லாரிகூடப் போகாத, சர்வரை அணைத்தாலும் ஈ காக்கைக்கும் தெரியாத நாள். காலண்டரைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். விஸ்வகர்மா பூஜை.

இங்கே என் மூளையைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பிறந்து வளர்ந்தது கல்கத்தாவில். விஸ்வகர்மா பூஜை அன்று ஹவுராவில் ஒரு திருகாணிகூட வேலை செய்யாது என்பது எனக்குத் தெரியும். லேத், டிரில்லிங் மெஷின், சுத்தியல் என்று எல்லாவற்றுக்கும் மாலை போட்டு, அன்று முழுக்கத் தொடாமல் ஓய்வு கொடுப்பார்கள் என்பதும் தெரியும். அது போக, எங்கள் வீட்டிலேயே ஆயுத பூஜைக்கு அம்மா தையல் மெஷினிலிருந்து காஸ் லைட்டர் வரைக்கும் சந்தனப் பொட்டு வைப்பவள். இவ்வளவு தெரிந்தும், அந்தச் சர்வருக்கும் பூஜை போடுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் மனதில் லேத் ஒரு யந்திரம், சர்வர் ஓர் ஆபீஸர்.

அன்று காலை இட்லி வைக்கும்போது அம்மா கேட்டாள். "ஏல சங்கரா, இன்னைக்கு விஸ்வகர்மா பூஜைல்லா? ஆபீஸுக்கா போற?"

"முதலாளிக்கு ஒண்ணு காட்டணும்மா. ஹவுரா மெஷினை இங்க இருந்தே அணைச்சுக் காட்டப் போறேன்."

"நல்ல நாளும் அதுவுமா மெஷினத் தொடாதல."

"நான் எங்கம்மா தொடப் போறேன்? நான் பாலிகஞ்சுல இருக்கேன், அது ஹவுராவுல இருக்கு. தொடாமலேதான் அணைக்கப் போறேன்."

அம்மா சட்னிக் கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "தொட்டுக் கெடுக்கவனாவது கைய வச்சாத்தான் கெடுப்பான், நீ தூரத்துல இருந்தே கெடுக்கவம்ல," என்றாள். 

பதினொரு மணிக்கு தத்தா பாபு தன் நாற்காலியை என் மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கைவிரல்களை நெட்டி முறித்துக்கொண்டு ஆரம்பித்தேன். அணைக்கும் கட்டளை. கொஞ்ச நேரத்தில் திரை கருப்பானது. "அணைஞ்சாச்சு," என்றேன். தத்தா பாபு தலையாட்டினார். இதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அடுத்து எழுப்பும் பொத்தானை ஒரே ஒரு தரம் அழுத்திவிட்டுப் பாத்ரூம் போய் வந்திருந்தேன் என்றால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

எழுப்பும் பொத்தானை அழுத்தினேன். திரை கருப்பாகவே இருந்தது.

பாலிகஞ்சுக்கும் ஹவுராவுக்கும் நடுவே எங்களுக்கு இருந்த இணைப்பு ஒரு மெலிந்த வாடகை வயர். நான் இங்கே அழுத்துவது அங்கே போய்ச் சேரவும், அங்கே நடப்பது இங்கே வந்து சேரவும் நேரம் பிடிக்கும். இது எனக்குத் தெரியும், பிரதிநிதி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் பக்கத்தில் முதலாளி கடிகாரத்தைப் பார்க்கிறார்.  மறுபடி அழுத்தினேன். கருப்பு. மறுபடி. தத்தா பாபு தொண்டையைக் கனைத்தார். மறுபடி, மறுபடி.

அந்தப் பொத்தானின் குணம் என்னவென்றால், அணைந்திருக்கும்போது அழுத்தினால் எழுப்பும், எழுந்திருக்கும்போது அழுத்தினால் அணைக்கும். நான் அழுத்தியதெல்லாம் வயரில் வரிசையாக நின்று ஒவ்வொன்றாக ஹவுராவில் இறங்கிக்கொண்டிருந்தது. எழு, படு, எழு, படு. எத்தனை தரம் அழுத்தினேன் என்று அந்தக் கார்டு தானே ஒரு குறிப்பு வைத்திருந்தது. பிற்பாடு எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

"அந்தப் பக்கம் மெஷின் இருக்கா இல்லையா?" என்று கேட்டார் தத்தா பாபு.

"இருக்கு சார், இதோ பாருங்க," என்று இன்னொரு பொத்தானைத் தேடிப்பிடித்து அழுத்தினேன். நூறு சர்வர்களுக்கு நடுவில் நம் சர்வர் எது என்று அடையாளம் காட்ட, பெட்டியின் பின்னால் ஒரு நீல விளக்கு கண்சிமிட்டும். எங்களிடம் இருந்ததே ஒரு சர்வர். இருந்தாலும் சிமிட்டட்டும் என்று விட்டேன். பிறகு லோகா அக்காவின் மொபைலுக்குப் போன் போட்டு, முதலாளியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

முதலில் சங்கு கேட்டது. அப்புறம் மணி, பெண்கள் குலவையிடும் சத்தம், அதற்கெல்லாம் அடியில் ஏரோப்ளேன் கிளம்புவதுபோல ஓர் உறுமல்.

"அக்கா, சர்வர் ஓடுதான்னு பாருங்க," என்றேன் தமிழில்.

"ஓடுதாவா? தம்பி, அது ஊதுதுப்பா." அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "நீ இன்னா பண்ணிகினு கீற அங்க? ஐயரு மூஞ்சியெல்லாம் செவப்பு."

"என்ன சொல்றாங்க?" என்றார் தத்தா பாபு. அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது.

"சர்வர் எழுந்துடுச்சாம் சார்," என்றேன் பெங்காலியில். (இது பொய் இல்லை. அந்த நொடிக்கு அது எழுந்துதான் இருந்தது.)

அக்கா சொல்லிக்கொண்டே போனார். பட்டறையில் புது மெஷின் அதுதான் என்பதால் இந்த வருடம் முதல் மரியாதை அதற்காம். சாமி சிலையை அதன் தலைமேலேயே வைத்திருந்தார்கள். முன்பக்கம் வெறும் கருப்புக் கதவாக இருக்கிறதே, பின்பக்கம்தானே விளக்கெல்லாம் மின்னுகிறது என்று எலக்ட்ரீஷியன் ஹாருதா பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்தைச் சனங்களைப் பார்க்க நிறுத்தியிருந்தார். ('தா' என்றால் அண்ணன். கல்கத்தாவில் நம்மைவிட ஒரு நாள் மூத்தவரும் 'தா'தான்.) சர்வர் முன்பக்கமாகக் காற்றை இழுத்துப் பின்பக்கமாகத் தள்ளும். அதுவும் எழுந்திருக்கிற நேரத்தில் எல்லா விசிறியையும் முழு வேகத்தில் சுற்றும். அந்தப் பின்பக்கத்துக்கு நேர் எதிரே புரோகிதர், அவர் மடிக்கு முன்னால் ஒரு தட்டு நிறையக் குங்குமம், பக்கத்தில் புகைந்துகொண்டிருக்கும் சாம்பிராணிச் சட்டி.

"ஐயரு மந்திரம் சொல்லி பூவப் போட்டாரு. மெஷினு ஓன்னு கத்திச்சு. குங்குமம் பூரா அவுரு மேல. எல்லாம் பயந்து பின்னால வந்துட்டோம், அதுவா அடங்கிச்சு. சரின்னு அவுரு மறுபடி குந்திகினு பூவ எடுத்தாரு, மறுபடி ஓன்னு கத்துது. இதோட ஆறு வாட்டி ஆச்சு தம்பி. இப்ப நீலமா ஒரு லைட்டு வேற கண்ணு சிமிட்டுது. பக்கத்துப் பட்டறை ஆளுங்கல்லாம் செருப்பக் கழட்டிட்டு வந்து வுழுந்து கும்புடுறாங்க."

தத்தா பாபு என் முகத்தையே பார்த்தார். "இவ்வளவு நேரம் என்ன சொன்னாங்க?"

"நீல விளக்கு நல்லா எரியுதாம். ஆளுங்க எல்லாம் ரொம்ப மரியாதையா பார்க்கிறாங்களாம்."

அப்போது போன் கை மாறியது. ஒரு கனத்த குரல் தெளிவான பெங்காலியில் பேசியது, அதற்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. "பாலிகஞ்சில் உட்கார்ந்துகொண்டு என்மேல் நெருப்புப் புகையை ஊதுகிற அந்த மனுஷன் யார்?"

ஸ்பீக்கர் பொத்தானை அணைக்கப் பார்த்தேன். பதற்றத்தில் அதையும் இரண்டு தரம் அழுத்தியதால் குரல் இன்னும் சத்தமாக வந்தது. தத்தா பாபு போனை எடுத்து, மன்னிப்புக் கேட்டு வைத்தார். அதே நேரம் என் திரையில் ஒருவழியாக எழுத்துகள் வந்து நின்றன. இரண்டு டிஸ்க்குகளைக் காணவில்லை என்றது சர்வர். எழுந்துகொண்டிருக்கும்போதே ஐந்து தரம் தலையில் தட்டி உட்கார வைத்தால் எதுதான் தாங்கும்? சலான், ஆர்டர், ஸ்டாக் எல்லாம் அந்த டிஸ்க்குகளில் இருந்தன. மறுநாள் காலை பத்து மணிக்கு முதல் லாரி கிளம்ப வேண்டும்.

 சிரிப்புக்காகச் சொல்லவில்லை, எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

"போ," என்றார் தத்தா பாபு. கோபமே இல்லாமல் சொன்னதுதான் பயமாக இருந்தது. "நாளைக்குப் பத்து மணிக்கு அது சலான் அடிக்கணும். இல்லைன்னா நம்ம பேச்சு ஞாபகம் இருக்கில்ல?" அவர் என்னைப் பார்க்கவில்லை, என் நாற்காலியைப் பார்த்தார்.

டாக்ஸி பிடித்தேன். பாலத்தின் நடுவில் அது நின்றது. இறங்கி ஓடினேன். தலைக்கு மேலே ஹவுரா முழுக்க, விஸ்வகர்மா பூஜை வழக்கப்படி, பட்டம் பறந்துகொண்டிருந்தது. ஊரே மொட்டைமாடியில் நின்று சந்தோஷமாக இருந்த நாளில் நான் ஒருவன் மட்டும் அழுத முகத்தோடு பாலத்தில் ஓடிக்கொண்டிருந்தேன்.

பட்டறைக்குள் நுழைந்து நேரே சர்வர் அறைக்குப் போனேன். குங்குமம், சாம்பல், பூ. சிலையின் தலையில் சொருகியிருந்த குட்டிக் காகிதப் பட்டம் ஏசிக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்டிக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு ஹாருதா உட்கார்ந்திருந்தார். நான் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"இன்னிக்குத் தொடக்கூடாது."

"ஹாருதா, டிஸ்க் போயிடுச்சு. இப்பவே பார்க்கணும்."

"நாளைக்குக் காலையில சாமியை ஆத்துக்குக் கொண்டு போன பிறகு பாரு. அதுவரை அதுக்கு ஓய்வு."

"காலையில நான் அத்தனை தடவை தொட்டேனே?"

"அதனாலதான் இப்படி ஆச்சு," என்றார் ஹாருதா.

 

ஸ்டோர்ஸுக்கு ஓடினேன். அங்கே அக்காவின் கம்ப்யூட்டர் இருந்தது, அதிலிருந்து கார்டு வழியாகச் சர்வரைத் திறந்து பார்க்கலாம். மானிட்டர் நெற்றியில் பொட்டு, கீபோர்டின் மேல் மாலை, மவுஸின் மேல் ஒரு செம்பருத்தி. அக்கா கதவிலேயே நின்றுகொண்டார். "இதுக்கும்தான் பூஜ போட்ருக்கு. கைய வச்ச, ஒட்ச்சிடுவேன்."

அந்தக் கட்டடத்தில் மாலை போடாத யந்திரம் என் கைக்கடிகாரம் மட்டும்தான். அதை நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்தேன்.

அந்த மத்தியானத்தை எப்படிச் சொல்வது? எனக்கும் சர்வருக்கும் நடுவே இரண்டு முழம் தூரம். தொட முடியாது. ஆனால் பாலிகஞ்சில் என் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு யாரும் பூஜை போடவில்லை. அங்கிருந்து தொடலாம். பக்கத்தில் இருக்கிற பெட்டியைத் தொடுவதற்காக ஆற்றைக் கடந்து பாலிகஞ்சுக்குத் திரும்பி ஓடலாமா என்று நான் நிஜமாகவே யோசித்தேன். எழுந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

"தம்பி, அந்த மெஷினு கணக்கா நீயும் எழுந்து எழுந்து குந்துற," என்று சொல்லி, அக்கா ஓர் இலைத் தட்டில் கிச்சடியும் கத்தரிக்காய்ப் பொரியலும் கொண்டுவந்து கையில் திணித்தார். "துண்ணு. கையில வேல இருந்தா கம்னு இருப்ப." மூன்று தட்டு சாப்பிட்டேன். பசியால் இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே பட்டறையில் இருந்தேன். சிலை இன்னும் சர்வரின் தலையில் இருந்தது. ஹாருதாவும் இன்னும் ஸ்டூலில் இருந்தார்.

"தூக்கலாமா?"

"புரோகிதர் வந்து விடை கொடுத்தாத்தான் தூக்கலாம்."

"எப்ப வருவார்?"

"வர மாட்டேன்னுட்டார்," என்றார் ஹாருதா.

மணி ஏழு பத்து. பத்து மணிக்கு லாரி. வழி கேட்டு, இரண்டு சந்து தள்ளி இருந்த புரோகிதர் வீட்டுக்கு ஓடினேன். அவர் கதவைத் திறந்தார். வெள்ளை வெளேரென்று தலைமுடி, ஆனால் காது இரண்டும் ரோஜா நிறத்தில் இருந்தன. எத்தனை தேய்த்தும் போகவில்லை போலிருக்கிறது. நான் யார் என்று சொல்ல வேண்டிய அவசியமே ஏற்படவில்லை, என் முகமே சொல்லிவிட்டது. காலில் விழுந்தேன்.

"நாற்பது வருஷமா ஹவுராவுல பூஜை பண்றேன்," என்றார். "மெஷின் கையைக் கடிச்சிருக்கு, ஷாக் அடிச்சிருக்கு. என்னைப் பார்த்துக் கத்தினது கிடையாது. ஒரு நிமிஷம், சாமிதான் வந்துட்டார்னு நினைச்சு நானே கும்பிட்டேன் தெரியுமா? அப்புறம் அந்த அம்மா சொல்றாங்க, பாலிகஞ்சுல ஒரு பையன் பொத்தானை அமுக்கறான்னு."

அவருக்கு நெருப்பைப் பற்றிக் கோபம் இல்லை, கும்பிட்டதைப் பற்றித்தான் கோபம். அது எனக்குப் புரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வரேன்," என்றார் கடைசியில். "ஆனா நீ எந்தக் கம்பி வழியா உள்ளே வந்தியோ, அதை என் கண்முன்னாடி உருவணும். நான் அங்க பூஜை பண்ற வரைக்கும் அதைத் திருப்பிச் செருகக் கூடாது."

சரி என்றேன். மூன்று வாரம் ராஜாவாக இருந்த என் சிம்மாசனத்தை நானே உருவினேன். எல்லோரும் பார்க்க, கார்டிலிருந்து அந்த நெட்வொர்க் வயரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைச் சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு மந்திரத்தை ஆரம்பித்தார். சர்வர் வாயைத் திறக்கவில்லை.

சிலையைத் தள்ளுவண்டியில் வைத்துப் படித்துறைக்குக் கொண்டுபோனோம். ஒரு பக்கம் ஹாருதா, ஒரு பக்கம் நான். தண்ணீரில் இறக்கும்போது, "மெதுவா, அவசரப்படாதே," என்றார் ஹாருதா. நான் அவசரப்பட்டேன். சிலையோடு நானும் இடுப்புவரை போனேன்.

ஈரப் பேன்ட்டோடு திரும்பி வந்து சர்வரைத் திறந்து, குங்குமத்தைத் துடைத்து, டிஸ்க்குகளை வெளியே எடுத்துப் பார்த்தேன். இரண்டும் செத்திருந்தன. இருந்த மாற்று டிஸ்க்குகளைப் போட்டேன். டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் பிரதி எடுத்து வைக்கும் பேக்கப் நாடா அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தினமும் அதை மாற்ற வேண்டும், நானோ வாரம் ஒரு தரம் ஹவுராவுக்குப் போகும்போதுதான் மாற்றுவேன். கார்டு வந்ததிலிருந்து நான் ஹவுராவுக்கே வரவில்லை, அப்படியானால் மூன்று வாரமாக அதை யார் மாற்றியிருப்பார்கள்? பாலிகஞ்சிலிருந்து எதை வேண்டுமானாலும் அழுத்தலாம், நாடாவை மாற்ற மட்டும் ஒரு மனிதக் கை வேண்டும்.

"நான்தான் மாத்தறேன்," என்றார் ஹாருதா. "நீ வேலைக்குச் சேர்ந்த அன்னிக்குச் சொன்னியே, ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு. நீ வரலைன்னு விட்டுட முடியுமா?" மேஜை இழுப்பறையைத் திறந்தார். நாடாக்கள் தேதி எழுதி, வரிசையாக இருந்தன. அவரைக் கட்டிக்கொண்டேன். என் ஈரம் அவர் சட்டையில் பட்டது.

நாடாவிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிச் சர்வர் முதல் சலானை அடித்தபோது மாலை நான்கு மணி. தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். லாரி இல்லை.

"அது பத்துக்கே போய்ட்ச்சே," என்றார் லோகா அக்கா. "கார்பன் வச்சி கையால எழுதிக் குடுத்தேன். மெஷினு வர்றதுக்கு முன்ன லாரியே போவலியா தம்பி?"

லாரி போய்விட்டது. ஆனால் முதலாளி சொன்னது லாரியைப் பற்றி இல்லை, பத்து மணிக்குச் சர்வர் அடிக்கும் சலானைப் பற்றி. மறுநாள் காலை பட்டறை வாசலில் கம்பெனி டெம்போ வந்து நின்றது. எடை மேடைக்கான உதிரிப் பாகங்களுக்கு நடுவில், கயிற்றால் கட்டி, என் நாற்காலி இருந்தது. கைப்பிடியில் ஒரு சீட்டு. தத்தா பாபுவின் கையெழுத்தில் ஒரே வரி: "பொத்தான் பக்கத்தில்."

ஒன்பது வருடம் அந்தப் பாலத்தைக் கடந்தேன். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கார்டு, சர்வரின் வயிற்றுக்குள் வயர் இல்லாமல் கிடந்தது. அதன் வேலையை என் ஆள்காட்டி விரல் பார்த்தது. புரோகிதர் ஒவ்வொரு வருடமும் வந்தார். பூவை எடுப்பதற்கு முன்னால் திரும்பி என் இரண்டு கைகளையும் பார்ப்பார். நான் தூக்கிக் காட்டுவேன். அப்புறம்தான் மந்திரம்.

அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னது லோகா அக்காதான். என் கல்யாணத்துக்கு வந்தவர், பந்தியில் உட்கார்ந்து, ஓன்னு கத்தியது உட்பட எல்லாவற்றையும் நடித்துக் காட்டிவிட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில் நீதி தலைகீழாகிவிட்டது. மற்ற வீடுகளில் ஏதாவது உடைந்தால், நான் அங்கே இல்லவே இல்லை என்று சொல்லி ஒருவன் தப்பிக்கலாம். எங்கள் வீட்டில் அது செல்லாது. ஃப்ரிட்ஜ் நின்றாலும், குழாய் ஒழுகினாலும், என் மகள் கணக்கில் மார்க் குறைந்து வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

போன வாரம்கூட நான் பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கத்தில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து மனைவி போன் செய்தாள்.

"மிக்ஸி புகைஞ்சு நின்னுபோச்சு. நீங்க எங்க இருக்கீங்க?"

"ஸ்டேஷன் கிட்ட. நான் காலையிலேயே கிளம்பிட்டேனே."

அவள் போனை வைக்காமல் உள்ளே திரும்பிச் சொன்னது எனக்குக் கேட்டது. "அத்தை, அவர் தூரத்துலதான் இருக்கார்."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அப்ப அவந்தான்."